ஊர் அட்டைகள்: கடலூரை வைத்து ஆங்கிலம் பேசப் பழகிய செய்முறை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியறையில் மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள், மீதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள். ஜவுளிக்கடையில் நிற்கும் பெண், புதுச்சேரி ஓட்டல் ஒன்றில் ரிசப்ஷனில் இருக்கும் பெண், ஆட்டோ ஓட்டும் அண்ணன், சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வருகிறவர்கள், தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன். எல்லோருக்கும் இலக்கணம் ஓரளவு தெரியும். படித்தால் புரியும். வாய்தான் திறக்காது.

கையில் இருந்த புத்தகத்தில் வழி சொல்லும் பாடம் ஒன்று உண்டு. போஸ்ட் ஆபீசுக்குப் பக்கத்தில் பேக்கரி, பேக்கரிக்கு எதிரே மியூசியம், மியூசியத்துக்குப் பின்னால் பூங்கா. எந்த நாட்டில் இருக்கிறது என்றே தெரியாத ஊர். அதைப் பற்றி ஒருவர் கேட்பதற்கும் ஒன்றுமில்லை, இன்னொருவர் சொல்வதற்கும் ஒன்றுமில்லை. சரி, நம் ஊரையே பாடமாக வைத்துக்கொள்வோம் என்று ஆரம்பித்ததுதான் இந்த ‘ஊர் அட்டை’ வேலை. வேறு ஊரில் வகுப்பு நடத்துகிறவர்களுக்கும் பயன்படும் என்பதால் செய்த விதத்தை எழுதி வைக்கிறேன்.

முதல் வடிவம் ஒரு பக்கக் கட்டுரை. செயின்ட் டேவிட் கோட்டை பற்றி எளிய ஆங்கிலத்தில் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். மறுநாளே அழகாக ஒப்பித்தார்கள். நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டால் மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்கினார்கள். பள்ளிக்கூடம் போட்ட தடம் அது, லேசில் அழியாது. கட்டுரையைப் பாதியாகக் குறைத்தபோது ஒப்பிப்பது குறைந்தது. முழு வாக்கியமே இல்லாமல் வெறும் சொற்களை மட்டும் கொடுத்தபோதுதான் பேச்சு வந்தது.

இப்போது ஓர் அட்டை இப்படி இருக்கிறது. முன்பக்கம் இடத்தின் பெயர், அதன் கீழே மூன்றே குறிப்புகள். கோட்டை அட்டையில் ‘1690’, ‘மராத்தாஸ்’, ‘கேனன்’ என்று மட்டும் இருக்கும். பின்பக்கம் வெளியூர்க்காரர் ஒருவர் கேட்கக்கூடிய நாலைந்து கேள்விகள், அவை மட்டும் முழு வாக்கியமாக. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து அட்டையை நடுவில் தூக்கிப் பிடித்தால், ஒருவருக்குக் குறிப்பு தெரியும், எதிரில் இருப்பவருக்குக் கேள்வி தெரியும். குறிப்பை வாக்கியமாக்குவது ஒருவர் வேலை. கேள்வி கேட்பதோடு நிற்காமல் பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வியைச் சொந்தமாகப் போடுவது மற்றவர் வேலை.

அட்டைக்கு ஏ4 அளவு கெட்டி அட்டையை நான்காக வெட்டினால் போதும். சட்டைப் பையில் அடங்கும், கையில் பிடிக்கவும் வசதி. ஒரு மூலையில் துளை போட்டுச் சாவி வளையத்தில் கோர்த்துவிட்டால் சிதறாது. எழுதியவுடனே லேமினேஷன் போட ஓடக்கூடாது. குறிப்புகள் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் முதலில் பென்சில்தான். கேள்விகள் நிலைத்த பிறகு பேனா. லேமினேஷன் போட்டதும் டியூப் லைட் வெளிச்சம் பட்டுப் பளபளத்துப் பாதி எழுத்து தெரியாமல் போவது வேறு தொல்லை. இப்போது ஓரத்தில் மட்டும் செல்லோ டேப் ஒட்டிக்கொள்கிறோம்.

கோட்டை அட்டையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மற்றவற்றுக்கு அதுதான் அச்சு.

தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை 1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, அப்போது செஞ்சியிலிருந்த மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. சென்னைக் கோட்டையில் அப்போது பொறுப்பில் இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஆள்தான். கோட்டையோடு சுற்றுப்புறமும் விலைக்குள் அடக்கம். எதுவரை என்றால் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை. பீரங்கியை ஒவ்வொரு திசையிலும் சுட்டு, குண்டு எட்டிய எல்லைக்குள் வந்த ஊர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டார்கள். கடலூரும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் ஊரில் குண்டு சாலை இருக்கிறது, குண்டு உப்பலவாடி இருக்கிறது. அந்தப் பெயர்களுக்கு இதுதான் காரணம் என்று சொல்வார்கள்.

இந்தக் கதை வகுப்பில் செய்த வேலையை நான் எழுதிய எந்தப் பாடமும் செய்ததில்லை. ஆட்டோ அண்ணன் தினமும் குண்டு சாலையில் வண்டி ஓட்டுகிறவர். “மிஸ், அப்ப பெரிய பீரங்கியாக் கொண்டுவந்திருந்தா பண்ருட்டி வரைக்கும் கேட்டிருப்பானுவோ” என்றார். அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். ‘இஃப் தே ஹேட் ப்ராட் எ பிக்கர் கேனன்’ என்று தொடங்கி, பின்பாதிக்கு வகுப்பே சேர்ந்து முட்டிமோதியது. இலக்கணப் புத்தகத்தில் மூன்றாம் வகை நிபந்தனை வாக்கியம் என்று தலைப்புப் போட்டு நடத்தியிருந்தால் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். இங்கே ஒவ்வொருவரும் தங்கள் தெரு குண்டு எல்லைக்குள் வருமா வராதா என்று வாதாட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆண்டுகளை வாசிப்பதில் தனிப் பயிற்சி தேவைப்பட்டது. 1690 என்பதை ‘ஒன் தவுசண்ட் சிக்ஸ் ஹண்ட்ரட் அண்ட் நைன்ட்டி’ என்று முழுதாகச் சொல்வது நம் ஆட்களின் பழக்கம். தமிழில் அப்படித்தானே சொல்கிறோம். ‘சிக்ஸ்டீன் நைன்ட்டி’ என்று இரண்டாக உடைத்துச் சொல்ல வாய் பழக வேண்டும். வெறும் ஆண்டுகள் மட்டும் எழுதிய துண்டு அட்டைகளைக் கவிழ்த்து வைத்து, எடுத்தவர் ஆண்டை வாசிக்க, அந்த ஆண்டில் என்ன நடந்தது என்று முந்திச் சொன்னவருக்கு அட்டை என்று விளையாடினோம். 1700களைப் பதினெட்டாம் நூற்றாண்டு என்று சொல்வது இன்னும் குழப்பம்தான். அதற்கு எனக்குக் குறுக்குவழி எதுவும் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதுதான் வழி.

செயப்பாட்டு வினைக்கும் காரண காரியத்துக்கும் கடலூரையும் புதுச்சேரியையும் விட்டால் நல்ல ஜோடி கிடையாது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்துக்கொண்டதால் ஆங்கிலேயர்களின் தென்னிந்தியத் தலைமையிடம் தேவனாம்பட்டினத்துக்கு வந்தது, 1752 வரை இங்கேதான் இருந்தது. ராபர்ட் கிளைவ் 1756இல் இந்தக் கோட்டைக்குக் கவர்னராக வந்தார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். 1761இல் புதுச்சேரி விழுந்தபோது ஆங்கிலேயர்கள் அந்த ஊரை இடித்துப் பழி தீர்த்துக்கொண்டார்கள். ‘வாஸ் கேப்சர்டு’, ‘வாஸ் டெமாலிஷ்டு’, ‘பிகாஸ்’, ‘இன் ரிவெஞ்ச்’. இந்த நாலைந்து சொற்களை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பேசலாம். ஓட்டல் வேலைக்குப் புதுச்சேரிக்குப் போகும் பெண் பிரெஞ்சுக் கட்சி, மற்றவர்கள் ஆங்கிலேயக் கட்சி என்று பிரிந்து, யார் முதலில் ஆரம்பித்தது என்று சண்டை போட்டார்கள். இரண்டு பக்கமும் நம் ஆட்கள் செத்ததை யாரும் அட்டையில் எழுதவில்லையே என்று ஒரு பெண் கேட்டாள். அது கேள்விப் பக்கத்தில் சேர்ந்தது: ‘ஹூ ஃபாட் இன் தீஸ் ஆர்மீஸ்?’ இரண்டு படைகளிலும் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள் என்று பதில் சொல்ல வேண்டும்.

இணையத்தில் கிடைப்பதை அப்படியே அட்டையில் ஏற்ற முடியாது. மஞ்சக்குப்பம் கார்டன் ஹவுஸ் பற்றித் தேடினால், கடலூர் கலெக்டராக இருந்த கிளைவின் வீடு என்று ஒரு வரி பல இடங்களில் சுற்றுகிறது. அந்த வரியை அப்படியே வகுப்பில் வைத்து, சரியா தப்பா என்று மட்டும் கேட்டேன். ஆண்டு அட்டைகள் கையில் இருந்ததால் பிடித்துவிட்டார்கள். கிளைவ் இறந்தது 1774. இந்தப் பகுதி முழுதாகக் கம்பெனி கைக்கு வந்ததே 1801இல். கவர்னராக இருந்தவரைப் பின்னால் வந்த பதவியில் உட்காரவைத்திருக்கிறார்கள். ‘ஹி குட் நாட் ஹேவ் பீன் தி கலெக்டர்’ என்று ஒரு கல்லூரிப் பையன் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். ‘குட் நாட் ஹேவ் பீன்’ எல்லாம் சாதாரணமாக அவன் வாயில் வரக்கூடிய வடிவம் இல்லை. தேவை வந்தது, சொல்லிவிட்டான். அன்றிலிருந்து எல்லா அட்டைகளுக்கும் ஒரு சட்டம்: இரண்டு இடத்தில் ஒத்துவராத தகவல் அட்டையில் ஏறாது.

அப்படியானால் கோயில் கதைகளை என்ன செய்வது?

திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயில் அட்டை தயாரித்தபோது இந்தக் கேள்வி நேராக வந்தது. அப்பர் சமணராகத் தருமசேனர் என்ற பெயரில் இங்கேயிருந்த பாடலிபுத்திரப் பள்ளியில் இருந்தார், பிறகு சைவத்துக்குத் திரும்பினார், பல்லவ மன்னன் அவரைக் கல்லில் கட்டிக் கடலில் போடச் செய்தான், அவர் பதிகம் பாடக் கல் மிதந்து இங்கே கரை சேர்ந்தது என்பது பெரிய புராணம் சொல்வது. கரையேறவிட்ட குப்பம் என்று ஓர் இடமே இருக்கிறது. ‘கற்றுணைப் பூட்டியோர் கடலில் பாய்ச்சினும் நற்றுணை யாவது நமச்சி வாயவே’ என்பதை வகுப்பில் இருந்த பாதிப் பேர் மனப்பாடமாகச் சொன்னார்கள்.

“மிஸ், ‘தி ஸ்டோன் ஃப்ளோட்டட்’னு வெள்ளைக்காரங்ககிட்ட சொன்னா சிரிக்க மாட்டாங்களா?” ஜவுளிக்கடைப் பெண்ணின் கவலை இது. சிப்காட் அண்ணன் ஒருவருக்குக் கோபம் வந்தது. “ஏம்மா சிரிக்கணும்? அவங்க சாமி தண்ணி மேல நடக்கல?”

இருவருக்கும் பொதுவாக ஒரு வழி எடுத்தோம். நடந்ததாக ஆவணம் இருப்பதற்கு ஒரு மாதிரி வாக்கியம், மக்கள் நம்புவதற்கு வேறு மாதிரி வாக்கியம். ‘தி ஸ்டோரி கோஸ் தட்’, ‘பீப்பிள் பிலீவ் தட்’, ‘இட் இஸ் செட் தட்’ என்று தொடங்கிவிட்டால் சொல்கிறவருக்கும் கூச்சம் இல்லை, கேட்கிறவருக்கும் சங்கடம் இல்லை. அப்பர் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பதும் இங்கே அவர் பாடிய பதிகம் இருக்கிறது என்பதும் நேர் வாக்கியத்தில் வரும். கல் மிதந்தது மற்ற வகையில் வரும். அட்டையில் இரண்டையும் வேறு வேறு மையில் எழுதினோம், நீலம் சான்று உள்ளது, பச்சை நம்பிக்கை. குண்டு சாலைப் பெயர்க் காரணத்தை எந்த மையில் எழுதுவது என்று ஒரு மாலை முழுக்க விவாதம். கடைசியில் பச்சை.

ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொடுப்பதும் ஒரு பயிற்சியாக அமைந்தது. திருப்பாதிரிப்புலியூரை நாமே முழுதாகச் சொல்வதில்லை, திருப்பாப்புலியூர் என்று முடித்துவிடுகிறோம். வெளிநாட்டுக்காரர் வேடத்தில் இருப்பவர் அதைத் தப்பும் தவறுமாகச் சொல்ல, மற்றவர் துண்டு துண்டாக உடைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ‘ஸே இட் ஆஃப்டர் மீ’, ‘ஸ்லோலி’, ‘ஆல்மோஸ்ட்’. எப்போதும் திருத்தப்படுகிறவர்களுக்கு ஒருமுறை திருத்துகிறவர் இடம் கிடைத்தது. அந்த மாலை யாரும் வீட்டுக்குப் போக அவசரப்படவில்லை.

வழி சொல்லும் பயிற்சிக்குச் சார்ட் பேப்பர் வரைபடம் வேலை செய்யவில்லை. விரலை வைத்துக் காட்டிவிட்டு ‘திஸ் வே, தட் வே’ என்று முடித்துவிடுகிறார்கள். மொட்டை மாடித் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஊரையே வரைந்தோம். கிழக்குச் சுவர் கடல். வடக்கே தென்பெண்ணை, நடுவில் கெடிலம், இரண்டுக்கும் இடையில் மஞ்சக்குப்பம். கெடிலம் பாலம் தாண்டித் திருப்பாப்புலியூர், பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன், அப்படியே தெற்கே போனால் ஓ.டி. என்கிற முதுநகர், துறைமுகம். மேற்கே கேப்பர் மலை. மாடியில் நிஜமாகவே கடல் இருக்கும் பக்கம் கடலை வைத்ததுதான் இதில் முக்கியம். திசை குழம்பாது, மாலையில் காற்றும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். ஒருவர் வெளியூர்க்காரராகத் தரையில் நிற்பார், கண் கட்டக் கூடாது, ஆனால் சொன்னால்தான் நகர வேண்டும். ‘கிராஸ் தி பிரிட்ஜ்’, ‘கீப் தி ரிவர் ஆன் யுவர் லெஃப்ட்’. ஆட்டோ அண்ணன் இதில் ராஜா. மற்றவர்கள் சொன்ன வழியைக் கேட்டு, அது ஒன்வே, அங்கே சாயங்காலம் போக முடியாது என்று ஆங்கிலத்திலேயே மறித்தார். கெடிலத்தில் ஒருவர் கால் வைத்துவிட்டால் ‘யூ ஆர் இன் தி ரிவர்!’ என்று கூச்சல்.

அப்புறம் நிஜமாகவே போனோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவனாம்பட்டினம் டவுன் பஸ் ஏறினால் சில்வர் பீச்சில் இறங்கலாம். கோட்டைப் பக்கம் பார்ப்பதற்குப் பெரிதாக எதுவும் நிற்கவில்லை. செங்கல் சிதிலம், கெடிலத்தின் கழிமுகம், மரங்கள். இதைப் பார்த்துவிட்டு ‘நத்திங் இஸ் ஹியர்’ என்று ஒரு பையன் முடிக்கப் பார்த்தான். என் கணக்கில் ஆங்கிலம் கற்க இதைவிடச் சிறந்த இடம் கிடையாது. எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தால் கையைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடலாம். இங்கே வாயால்தான் கோட்டையைக் கட்ட வேண்டும். ‘தேர் யூஸ்டு டு பி எ ஃபோர்ட் ஹியர்’ என்று ஆரம்பித்து, சுவர் எங்கே ஓடியிருக்கும், கப்பல் எங்கே நின்றிருக்கும், இந்த ஆற்றை வைத்து எதிரியை எப்படித் தடுத்திருப்பார்கள் என்று ‘மஸ்ட் ஹேவ்’, ‘மைட் ஹேவ்’ போட்டு ஊகித்தார்கள்.

கடற்கரையில் போனில் பதிவு செய்தால் காற்றின் இரைச்சல்தான் கேட்கும். மைக் இருக்கும் இடத்தைக் கைக்குட்டையால் ஒரு சுற்றுச் சுற்றி, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று பேசினால் பரவாயில்லை. பதிவுகளை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவோம். நான் திருத்தம் எழுதுவதில்லை. கேட்ட இன்னொருவர் ஒரு கேள்வியைக் குரல்பதிவாகவே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். பிழையைச் சுட்டினால் அடுத்த பதிவு வராது, கேள்வி கேட்டால் வரும்.

சுனாமி அட்டை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26இல் கடலூர் மாவட்டக் கடலோரம் பட்ட பாடு ஊருக்கே தெரியும், தேவனாம்பட்டினம் அதில் முன்னால் நின்ற ஊர். கடற்கரைக்கு வரும் யாரும் கேட்கக்கூடிய கேள்விதான் என்று கேள்விப் பக்கத்தை நாங்கள் எழுத ஆரம்பித்தோம். அந்த ஊர்ப் பையன் பேசாமல் இருந்துவிட்டு, எல்லோரும் கிளம்பிய பிறகு வந்தான். “மிஸ், அதுக்குக் கேள்வி வேணாம் மிஸ். ரெண்டு பேர் எதிரெதிர உக்காந்து சிரிச்சிக்கிட்டே கேக்கறதுக்கு அது ஒரு கதை இல்ல.” சுனாமியின்போது அவன் கைக்குழந்தை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவன் அம்மா சொன்னது.

அட்டையை அவனையே எழுதச் சொன்னேன். முன்பக்கம் தேதி, ஊர்ப் பெயர். பின்பக்கத்தைக் காலியாக விட்டான். அதோடு வகுப்பு முழுக்க ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டது: ‘ஐ வுட் ராதர் நாட் டாக் அபௌட் இட்.’ விருந்தாளி என்றால் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். மரியாதையாக மறுப்பதற்கும் மொழி வேண்டும். சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்ற கேள்விகளுக்கும் இதே வாக்கியம் பொருந்தும் என்று ஜவுளிக்கடைப் பெண் கண்டுபிடித்தாள்.

தானே புயலுக்கு அப்படி எந்தத் தயக்கமும் இல்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்த அந்தப் புயலைப் பற்றிப் பேச ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருந்தது. ஓடு பறந்தது, மரம் விழுந்தது, கரண்ட் இல்லாமல் கிடந்தது, பண்ருட்டிப் பக்கம் சித்தப்பாவின் முந்திரித் தோப்பு முழுக்கச் சாய்ந்தது. ‘வி வேர் ஸ்லீப்பிங் வென்’ என்று ஆரம்பித்தவர்களை நிறுத்த முடியவில்லை. இறந்தகாலத் தொடர்வினைக்கு இனி எனக்கு வேறு பாடம் தேவையில்லை.

பாரதி அட்டை சின்னது. பத்தாண்டு புதுச்சேரி வாசத்துக்குப் பிறகு 1918 நவம்பர் 20இல் ஆங்கிலேய எல்லைக்குள் காலடி வைத்ததும் கைதாகி, டிசம்பர் 14 வரை கடலூர்ச் சிறையில் இருந்தார். எல்லோரும் எளிதாகச் சொல்லிவிட்டார்கள். அஞ்சலை அம்மாள் அட்டைதான் அதைவிட நன்றாகப் பேசவைத்தது, ஏனென்றால் பலருக்கு அவரைத் தெரியாது. 1890இல் முதுநகரில் பிறந்தவர், 1927இல் சென்னையில் ஆங்கிலேயப் படை அதிகாரி நீலின் சிலையை அகற்றக் கோரி நடந்த போராட்டத்தில் சின்ன மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு போய்ச் சிறைக்குப் போனவர். அந்தப் பெண்ணுக்குக் காந்தி லீலாவதி என்று பெயர் வைத்தார். ‘ஒய் டிட் ஷி டேக் ஹெர் டாட்டர்?’ என்ற கேள்விக்கு அட்டையில் பதில் இல்லை. அதனாலேயே ஆளுக்கொரு பதில் சொன்னார்கள்.

திருவந்திபுரம், வடலூர், நெய்வேலி, பிச்சாவரம் எல்லாவற்றுக்கும் அட்டை இருக்கிறது. திருவந்திபுரத்துக்கு முகூர்த்த நாளில் பயிற்சிக்குப் போகக் கூடாது, தேவநாத சுவாமி சந்நிதியில் வரிசையாகக் கல்யாணம் நடக்கும், நாதஸ்வரத்துக்கு நடுவில் ஆங்கிலமும் கேட்காது தமிழும் கேட்காது. நெய்வேலியிலிருந்து வரும் பெண் நிலக்கரிச் சுரங்கத்தை அடுக்கடுக்காக விவரித்தாள்: மேல்மண் அகற்றப்படுகிறது, நிலத்தடி நீர் இறைக்கப்படுகிறது, கரி வெட்டப்படுகிறது, கன்வேயரில் போகிறது, எரிக்கப்பட்டு மின்சாரமாகிறது. அவள் அப்பா அங்கேதான் வேலை பார்க்கிறார். வடலூரில் வள்ளலார் 1867இல் ஏற்றிய அடுப்பு தருமசாலையில் இன்றும் எரிகிறது என்பதற்கு ‘ஹேஸ் பீன் பர்னிங் சின்ஸ்’ என்பதைத் தவிர வேறு வாக்கியமே கிடையாது. பிச்சாவரம் படகு அட்டை சுமார்தான். அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எல்லோரும் நின்றுவிடுகிறார்கள்.

புதுச்சேரித் தொகுதி முழுக்க ஓட்டல் பெண்ணின் பொறுப்பு. நிஜ விருந்தினர்களின் கேள்வி அவளுக்குத் தினமும் கிடைக்கிறது. அவர்கள் அதிகம் கேட்பது, இந்த ஊர் எப்போது பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து விடுபட்டது என்பதுதானாம். அதற்கு இரண்டு தேதி இருப்பது அவளுக்குத் தலைவலி. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்துச் சட்டப்படி சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16இல். இதைக் கவுன்ட்டரில் நின்றபடி ஒரு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். அவள் கண்டுபிடித்த வாக்கியம்: ‘வி காட் தி கீஸ் இன் 1954, பட் தி பேப்பர்ஸ் கேம் இன் 1962.’ வீடு வாங்கியவர்கள் எல்லோருக்கும் புரியும் என்றாள். நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

ஆயி மண்டபத்துக்குப் பச்சை மை. கிருஷ்ணதேவராயர் தாசி வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டது, கோபத்தில் இடிக்கச் சொன்னது, ஆயி தானே வீட்டை இடித்துக் குளம் வெட்டியது எல்லாம் கேட்கக் கேட்கச் சுவையான கதை. ஆனந்தரங்கப் பிள்ளை அட்டைக்கு நீலம், 1736 முதல் 1761 வரை அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பே சான்று. ஊர் சரணடைந்த அதே 1761 ஜனவரியில்தான் அவரும் இறந்தார். அரிக்கமேட்டில் நிலைமை தேவனாம்பட்டினம் மாதிரியே, நேரில் போனால் பார்க்க அதிகம் இல்லை. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியதும், ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல் கிடைத்ததும், மணி செய்யும் தொழில் நடந்ததும் சொல்லித்தான் ஆக வேண்டும். பொருட்களைப் பார்க்கப் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போகச் சொல்வதோடு அந்த அட்டை முடிகிறது.

இந்த எல்லா வரலாற்றையும் கேட்டு முடித்துவிட்டு அவள் ஒரு நாள் சொன்னாள்: “மிஸ், நம்ம கார்டுல இல்லாத கேள்விதான் கெஸ்ட் நெறைய கேக்கறாங்க.” என்னவென்றால், டாய்லெட் எங்கே இருக்கிறது, இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா, கோயிலுக்குள் அரைக்கால் சட்டையோடு விடுவார்களா, செருப்பை எங்கே விடுவது, ஏ.டி.எம். எங்கே, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுக்கலாம். ஆகவே கடைசியாகச் சேர்ந்த அட்டைகளில் ஆண்டு எதுவும் கிடையாது. ஆட்டோ கட்டண அட்டையை அண்ணனிடம் எழுதக் கொடுத்திருக்கிறோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து சில்வர் பீச்சுக்கு எவ்வளவு என்ற இடத்தை மட்டும் இன்னும் நிரப்பாமல் வைத்திருக்கிறார். கேட்டால் ‘இட் டிபெண்ட்ஸ்’ என்கிறார்.